விருப்பு வாக்கு அடைத்த கடன்

சண்முகராசா, செபமாலைமுத்து அண்ணைக்கு இரண்டாயிரம் பவுண் கடன்காரர். பாரிசிலே கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்த புதிதில், முதல் கடைக்கு முற்பணமாக வாங்கியது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர் இன்று மோர்டனில் இரண்டு கடைக்கு முதலாளி. வேறு யாரால் ஏலும்? ஆனால் இந்தக் கடனை மட்டும் அடைக்க முடியவில்லை. செபமாலைமுத்து வாங்கினால்தானே!

காசை நீட்டினால் அவர் இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொள்வார். "வைச்சிரு தம்பி, கடை எப்ப படுக்குமோ, ஆருக்குத் தெரியும்?" அதுவும் கடை நிறையச் சனம் நிற்கும் நேரம் பார்த்து. சனம் சிரிக்கும். சண்முகராசாவுக்கு உடம்பெல்லாம் எரியும்.

இலங்கையில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. செபமாலைமுத்துவோடு ஒரே வகுப்பில் படித்த சட்டத்தரணி ஒருவர் போட்டியிட்டார். வாக்குப் போடுவதற்கு முன்பே செபமாலைமுத்து அவரை எம்.பி. ஆக்கிவிட்டார்.

"தோத்தா?" என்றார் சண்முகராசா.

"தோத்தா உன்ர காசை இந்தக் கையாலயே வாங்குறன். வெண்டா, சாகுமட்டும் உன்னைக் கடன்காரன் எண்டுதான் கூப்பிடுவன்."

"ஓம் அண்ணை. சனத்துக்கு முன்னால சொல்லிப்போட்டியள்!"

சட்டத்தரணி நின்ற கட்சிக்கு ஓர் ஆசனம் என்று செய்தி வந்த காலை, செபமாலைமுத்து பெரிய லட்டுப் பெட்டியோடு கடைக்குள் நுழைந்தார். பால் வாங்க வந்த வெள்ளைக்காரக் கிழவிக்கும் லட்டு.

"கடன்காரா, நீயும் ஒண்டு எடு!"

சண்முகராசா வாயில் போட்டார். மென்றபடியே பால் போத்தல்களை அடுக்கப் போனார்.

கல்லாவில் நின்ற மனைவி யோகமலர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, சீட்டு கட்சிக்குத்தானே? ஆள் ஆரெண்டு, கட்சிக்குள்ள ஆளுக்கெண்டு போட்ட விருப்பு வாக்கு எண்ணினாப்பிறகுதானே தெரியும்?"

"அவனை விட்டா ஆர் பிள்ளை?"

மத்தியானம் விருப்பு வாக்கும் வந்தது. அதே கட்சியில் நின்ற கௌசி என்ற இளம் ஆசிரியைக்கே அதிகம். ஆசனம் அவருக்கு. சட்டத்தரணி மூன்றாவது.

"அப்ப உந்த லட்டு, டீச்சர் வெண்டதுக்கோ அண்ணை?" என்றார் யோகமலர்.

கடையே குலுங்கியது. செபமாலைமுத்துவுக்கும் சிரிப்பு வந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. "வெண்டவள் கெட்டிக்காரி. நான்தான் அவசரப்பட்டிட்டன்" என்றபடி ஜாக்கெட் பையிலிருந்து வலது கையை எடுத்து விரித்தார்.

சண்முகராசா கல்லாவைத் திறந்தார். ஐம்பது, நூறு, நூற்றைம்பது... ஒவ்வொரு தாளாக அந்த உள்ளங்கையில் வைத்தார். வரிசையில் நின்ற சனமெல்லாம் சேர்ந்து உரத்து எண்ணியது.