ரப்பர் புழுவைக் கடித்த ஷேரி

வளைகுடாவில், இந்த ரோலாவில், வாடகைக்கு பெட்ஸ்பேஸ் என்றால் ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் உள்ள இடம், அலமாரியில் ஒரு தட்டு. அவ்வளவுதான் நம் சொத்து. தூண்டில் கம்புக்கு அதில் இடம் கிடையாது. கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். அது போய் அறையின் மூத்தவரான ராமநாதபுரத்து அண்ணன் தலையிலேயே விழுந்தது. ஏசி ரிமோட் அவர் கையில். எனவே சட்டமும் அவர் கையில்.

“குளிர்காலம் பூரா கம்பத் தூக்கிட்டுப் போற. ஒரு நெத்திலியாச்சும் வந்துச்சா தம்பி? இந்த ஞாயித்துக்கெழம மீன் வரலேன்னா கலாஸ். கம்பு வெளிய போயிரணும்.”

எனக்கும் அந்த ஞாயிறுதான் கடைசி. மார்ச் பிறந்தால் முட்டையிடும் காலம், ஷேரி மீன் பிடிக்கத் தடை. எனக்கு வேண்டியதோ ஷேரி.

நான் மீன்பிடிக்கக் கற்றதே வீடியோக்களில்தான். அமெரிக்க ஏரிகளில் லார்ஜ்மவுத் பாஸ் பிடிப்பவர்களின் வீடியோக்கள். வசந்தத்தில், முட்டையிடுவதற்குச் சற்று முன்னால், அந்த மீன் ஆழத்தை விட்டு வெயிலில் சூடேறிய கரையோரக் கற்களைத் தேடி வருமாம். அதுவும் அகோரப் பசியோடு. எனவே விடியலில் போகாதே, மதியம் போ. ரப்பர் புழுவை மாட்டித் தரையோடு மெல்ல இழு. இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. ஏரியில் நடப்பது ரோலாவுக்குப் பக்கத்துக் கடற்கழியில் ஏன் நடக்காது? ஷேரிக்கும் வயிற்றில் முட்டைதானே, இங்கேயும் அதே வெயில்தானே!

அறையின் சார்பில் சாட்சியாக என் மேல்கட்டில்காரனை அனுப்பினார்கள். கன்னியாகுமரிக்காரன், ஏசி டெக்னீஷியன். வறுத்த கடலைப் பொட்டலத்தோடு கரைக்கற்களில் உட்கார்ந்துகொண்டான்.

“உச்சி வெயில்ல ரப்பரப் போட்டு மீன் பிடிக்க வந்தவன் நீ ஒருத்தன்தாம்ல மக்கா. ஒரு கணவாத் துண்டாவது மாட்டுல.”

“வேண்டாம். ரப்பர்தான். சயின்ஸ்.”

“சயின்ஸக் கறி வெச்சுத் தின்ன முடியுமால?”

வீசினேன், இழுத்தேன். வீசினேன், இழுத்தேன். அவன் கடலை பாதி தீர்ந்திருந்தது. ஒரு தடவை புழு திரும்பி வந்தபோது வாலைக் காணோம்! கத்தரியால் நறுக்கியது போல இருந்தது. “வந்திருக்கு! கீழ வந்திருக்கு!” என்று கத்தினேன். வேறு புழு மாட்டினேன். இந்தத் தடவை இன்னும் மெதுவாக, கல் கல்லாகத் தட்டிக்கொண்டு இழுத்தேன். டக்.

கம்பு வில்லாக வளைந்தது. ரீல் அலறியது. கடலைப் பொட்டலம் தண்ணீரில் போனது.

“வுட்டுப் புடில! வுட்டுப் புடி! யல்லா, யல்லா!”

கரைக்கு வந்தது வெள்ளி உடம்பும் நீலப் புள்ளிகளுமாக ஒரு ஷேரி. குனிந்து அள்ளினேன். வயிறு இறுகப் புடைத்திருந்தது.

“சினை மீனுல! பொரிச்சா எப்பிடி இருக்கும் தெரியுமா?”

“போன எடு. வீடியோ புடி. விடப் போறேன்.”

“லேய்! வெறுங்கையோட போனா கம்பு போயிரும்ல!”

போகும்தான். கம்புக்காக ஒரு கணம் கை இறுகியது. ஆனால் அடுத்த வாரம் தொடக்கூடாத வயிறு இன்றைக்கு மட்டும் எப்படிக் கறியாகும்? தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தேன். வால் ஒரு முறை அசைந்தது, மறுமுறை என் முகத்தில் பளாரென்று உப்புத் தண்ணீர், ஆள் இல்லை. நான் சிரித்த சிரிப்பில் எதிர்க்கரையில் நடந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

அறையில் எல்லோரும் ஒரே போனைச் சூழ்ந்துகொண்டார்கள். வீடியோ ஓடியது. முன்பக்கக் கேமரா! ஆரம்பம் முதல் முடிவு வரை சாட்சியின் திறந்த வாயும் உதட்டில் ஒட்டிய கடலைத் தோலும்தான். மீனின் செதில்கூட இல்லை. அறை உருண்டு உருண்டு சிரித்தது.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மீன் மாஃபி, இல்ல. கம்பு வெளிய” என்றார்.

“நில்லுங்கண்ணே,” என்று சாட்சி என் கையைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். “மோந்து பாருங்க. இவன் கணவா தொடல, எறால் தொடல, வெறும் ரப்பரு. அப்ப இந்த வாட எங்கேருந்து வந்துச்சு?”

அண்ணன் மோந்தார். சந்தேகத்தோடு மறு கையையும் மோந்தார். சிரிப்பு நின்றது.

“ஷேரிதான்,” என்றார். “சினையோடவா விட்ட?”

“ஆமாண்ணே.”

“கூறுகெட்டவனே!”

திட்டிக்கொண்டே எழுந்து, சுவரின் இரண்டு கொக்கிகளில் நீளமாகக் காய்ந்துகொண்டிருந்த தன் கைலியை உருவினார். கம்பை வாங்கி, அதே கொக்கிகளில் குறுக்கே வைத்தார்.