முன்னுரையைப் படிக்கச் சொன்னவர்

கம்போங் ராஜா இரும்புக் கடையில் நான் இயந்திரத்துக்குப் பெல்ட் வாங்கிக்கொண்டிருந்தபோது சூசை லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார். என் நண்பர் அருளப்பனின் தங்கையை மணந்தவர் அவர்; கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிப் போகிறவர். "அண்ணே, மச்சான் போயிட்டாருலா. நேத்து சாயங்காலம். கோலாலம்பூர்லேருந்து போன் வந்துச்சு" என்றார். அப்படி இருக்காது, கிறிஸ்மஸுக்கு வருவதாகப் போன வாரம்தான் எனக்குக் கடிதம் எழுதினார் என்று நான் அவரிடம் வாதாடினேன். சூசை பெல்ட்டை என் கையிலிருந்து வாங்கி லாரியில் வைத்துவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டார்.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவர் பேராசிரியர். எங்கள் தோட்டத்தில் அவர், அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கிராணியின் மகன். பொறியியல் படித்து, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, பொறியியல் ஆய்விதழ் ஒன்றின் நூல் மதிப்புரைப் பக்கங்களையும் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். விடுமுறைக்கு வந்தால் வீட்டுக்குப் போவதற்கு முன் நான் வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலைக்குத்தான் வருவார். தேயிலையை உலர்த்தும் டிரையரின் காற்றாடிப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இடது பக்கம் பேரிங் முனகுதண்ணே" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதால் நான் அண்ணன். அவரை நான் வாத்தியாரே என்று கூப்பிடுவேன். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது.

எழுபதுகளின் கடைசியில், உலர்த்தும் இயந்திரங்களைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று எனக்குத் தபாலில் வந்தது. அருளப்பன் அனுப்பி, மதிப்புரை எழுதச் சொல்லியிருந்தார். நான் தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை போனவன். என் ஆங்கிலம் இயந்திரப் பெட்டிகளுக்குள் இருந்த தாள்களைப் படித்து, அகராதியை வைத்துச் சேர்த்தது. புத்தகத்தோடு தட்டச்சு செய்த தாள் ஒன்றும் இருந்தது. மதிப்புரை எழுதுகிறவர்களுக்கு அவர் வைத்திருந்த விதிகள் அவை. புத்தகம் என்ன செய்வதாகச் சொல்கிறது என்பதை முதலில் எழுதுக. அதில் ஒன்றையாவது கையால் செய்து பார்த்துவிட்டு எழுதுக. நூலைப் பற்றி எழுதுக. எழுதியவரைப் பற்றி எழுத வேண்டாம். புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

என்னை ஏன் பிடித்தீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். "படிச்சவங்க எங்கிட்ட நிறைய பேர் இருக்காங்கண்ணே. டிரையர்ல கை சுட்டவங்க நீங்க ஒருத்தருதான்" என்றார்.

கையால் செய்து பார்க்கச் சொன்னாரே, செய்தேன். புத்தகத்தின் அட்டவணையில் போட்டிருந்த சூட்டை வைத்து, அது சொன்ன வேகத்தில் ஒரு தடவைக்குரிய தூளை டிரையரில் ஓட்டினேன். மேலே கருகி உள்ளே ஈரம் நின்ற தூள் வெளியே வந்தது. தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த உதவி மேலாளர், சின்னத் துரை, அதை முகர்ந்துவிட்டு, யார் சொல்லிச் செய்தாய் என்றார். புத்தகம் சொன்னது என்றேன். புத்தகத்தை வேலைக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அன்று இரவே ஐந்து பக்கம் எழுதி, அந்த அட்டவணை பொய் என்று முடித்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துத் தொழிற்சாலை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது.

"அண்ணே, முன்னுரை படிச்சீங்களா?"

படிக்கவில்லை. இயந்திரக் கையேடுகளில் முதல் நாலு பக்கம் கம்பெனிக்காரன் தன்னைப் புகழ்ந்துகொள்வதற்கு. அதைத் தள்ளிவிட்டுத் தொடங்குவதுதான் என் பழக்கம். இந்தப் புத்தகத்தின் முன்னுரையிலோ, அட்டவணைகள் எல்லாம் சமவெளியின் சூடான காற்றுக்குப் போட்டவை, மலைக்காற்றுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. தப்பு என்னுடையது. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"முன்னுரையில ஒளிச்சு வச்சா வேலை செய்றவன் எங்க போயி பாப்பான்? அட்டவணைக்குப் பக்கத்துல போட வேண்டியதுதானே?"

"அதையே எழுதுங்கண்ணே. அதான் மதிப்புரை."

மறுபடியும் எழுதினேன். இம்முறை இரண்டே பக்கம். அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. மதிப்புரையின் கீழே எழுதியவரின் பெயரும் பட்டமும் போட வேண்டும் என்பது அந்த இதழின் வழக்கம். பட்டம் இல்லாதவர் பெயரைப் போட ஆசிரியர் குழு சம்மதிக்கவில்லை. அருளப்பன் பெயரில் வெளியிடலாம் என்றார்கள். அதைச் சொல்ல அவரே பஸ் ஏறி வந்தார். டிரையருக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் சொன்னார். வேண்டுமானால் கிழித்துப் போடுங்கள், என் பெயர் இல்லாமல் ஓர் எழுத்தும் வரக் கூடாது என்றேன். நாற்பது வயது வரை என் வேலை எல்லாம் வேறு யார் யார் பெயரிலோதான் போயிருக்கிறது. அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. தேநீரைக் குடித்து முடித்து, "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த இதழில் அந்தப் புத்தகத்தின் பெயர் இருந்தது. அதன் கீழே, மதிப்புரை வந்து சேர்ந்துவிட்டது, கையொப்பம் பற்றி முடிவாகவில்லை என்று ஒரு வரி. மீதிப் பக்கம் வெள்ளை. அதற்கடுத்த இதழிலும் அதே வெள்ளை. அந்தப் பக்கத்தை வேறு எதை வைத்தும் நிரப்ப அவர் மறுத்துவிட்டார், பொறுப்பை விட்டுவிடச் சொல்லியும் கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது இதழில் என் மதிப்புரை வந்தது. கீழே என் பெயர். பட்டம் இருக்க வேண்டிய இடத்தில், 'ஃபிட்டர், தேயிலைத் தொழிற்சாலை, கேமரன் மலை.'

ஆனால் என் கடைசி வாக்கியம் இல்லை. இந்நூலாசிரியர் ஒருநாளாவது டிரையர் முன் நின்றவர் அல்லர் என்று எழுதியிருந்தேன். அவருடைய மூன்று கடிதங்களுக்கு நான் பதில் போடவில்லை. நாலாவதற்குப் பதில் அவரே வந்தார்.

"உங்க பேருக்கு சண்டை போட்டேன்ணே. அந்த வரிக்குப் போட மாட்டேன். அந்த ஆளு டிரையர் முன்னாடி நின்னாரா இல்லையான்னு நீங்க பாத்தீங்களா?"

"பாக்காட்டி என்ன, எழுத்துல தெரியுதே."

"உங்களைப் பத்தி குழுவுல இருக்கவங்களும் அப்படித்தானே சொன்னாங்க, பட்டம் இல்லைன்னா எழுத்துல தெரியும்னு."

நான் பேரிங்குக்கு கிரீஸ் வைத்துக்கொண்டே இருந்தேன். அவர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இப்போது முனகல் இல்லை என்றார். அந்த வரி இருந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நான் சொல்வேன். அதை அவரும் அறிவார்.

அடக்கத்துக்குப் போய் வந்தேன். அந்தப் புத்தகமும், என் பெயர் உள்ள இதழும், அதற்கு முன் வந்த இரண்டு வெள்ளைப் பக்க இதழ்களும் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் காட்டுவேன், கொடுக்க மாட்டேன். கையேடானாலும் இப்போது முன்னுரையிலிருந்துதான் படிக்கிறேன்.

இதை எழுதும்போது, என் பெயரை மறைக்கச் சொன்ன அந்தக் குழுவினர் எப்படிப்பட்டவர்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். நல்ல வரிகள். அவர்களில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன். வாத்தியாரே, ஆளைப் பற்றிய வரியை அடிப்பது இந்த ஒரு தடவைதான்.