கணக்குக்கும் சரித்திரத்துக்கும் நடுவே

மற்ற வாத்தியார்கள் எல்லோரும் பையன்களை உட்கார வைத்துச் சம்பளம் வாங்குகிறார்கள். எழுப்பி நிறுத்திச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆசாமி டிரில் மாஸ்டர்தான். அதனால் அவனைக் கண்டால் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் ஆகாது. எங்கேயாவது விசில் ஊதிப் பிழைத்த புண்ணியவான்கள் இதைப் படித்தால், 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டுவார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குத் தற்காலிகமாக டிரில் மாஸ்டர் வேலை. அப்போதுதான் கல்யாணமாகி, மந்தைவெளியில் ஒண்டுக்குடித்தனம் வைத்திருந்தேன். சாயந்திர டிரிலுக்குப் பாதிப் பையன்கள் வயிற்று வலி என்று நழுவிவிடுவார்கள். மீதிப் பேர் காலையிலிருந்து பெஞ்சில் கிடந்து அவிந்து போயிருப்பார்கள். ஒரு பீரியடுக்கும் அடுத்ததற்கும் நடுவே, வகுப்பிலேயே ஐந்து நிமிஷம் கைகால் வீசவிட்டால் உடம்புக்கும் நல்லது, படிப்பும் ஏறும் என்று ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் நடத்திப் பாரும். அவர் பார்த்துட்டு நல்லதுன்னா உம்ம வேலை நிரந்தரம். இல்லேன்னா டிரிலும் கிடையாது, நீரும் கிடையாது."

முடிச்சைப் பார்!

முதல் நாள், இரண்டாவது பாரம், அதாவது ஏழாம் வகுப்பு. "எழுந்து நில்! கைகளை மேலே!" என்றேன். பாதி வகுப்பின் கைகள்தான் மேலே போயின. மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றார்கள். கை தூக்கியவர்களிலும் இரண்டு பேர் உடனே உட்கார்ந்துவிட்டார்கள். வேஷ்டி கட்டிய வகுப்புக்கு டிரில் சொல்லித் தருவது எப்படி என்று சீமையில் அச்சடித்த புத்தகம் எதிலும் போட்டிருக்கவில்லை.

அன்றிலிருந்து என் முதல் உத்தரவு "முடிச்சைப் பார்!" என்று ஆயிற்று. எல்லோரும் வேஷ்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டி, குடுமியையும் முடிந்துகொள்வதற்குள் இரண்டு நிமிஷம் போய்விடும். முன்பெஞ்சில் ஒரு சின்னப் பையன். அவன் வேஷ்டி அவனைவிட நீளம். எத்தனை தடவை இறுக்கினாலும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசியில் என்னிடம் சமாதானம் பேச வந்தான்: "சார், இந்தக் கையைத் தூக்கறேன். அந்தக் கை வேஷ்டிக்கு வேணும்."

மாடியில் இடி, கீழே மழை

இரண்டாவது பாரம் மாடியில். அதற்கு நேர் கீழே சமஸ்கிருத பண்டிதரின் வகுப்பு. நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னால் பையன்களுக்கு ஏக உற்சாகம். கட்டடமோ பழையது, உத்தரத்துக்கு நடுவே காரை எப்போது விழலாம் என்று காத்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் பண்டிதர் மாடிக்கு ஏறி வந்தார். தலை, தோள், அங்கவஸ்திரம் எல்லாம் ஒரே வெள்ளை. பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கோ மந்தைவெளி வீடே கண்ணில் சுழன்றது. அவர் கோபிக்கவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சாவதானமாகச் சொன்னார்: "ஓய், நான் கீழே மழைக்காலத்தை வர்ணிச்சிண்டிருக்கேன். நீர் மேலேர்ந்து சுண்ணாம்பைப் பொழியறீரே!"

அதற்கப்புறம் மாடியில் ஓட்டம் கிடையாது. கைவீச்சு மட்டும்தான்.

வக்கீல் வீட்டு வெண்கலப் பானை

தெற்கு மாட வீதியில் ஒரு வக்கீலுக்கு ஒரே பிள்ளை. ஊதினால் பறந்துவிடுவான். அவன் அம்மா டிபன் டப்பாவில் வைத்து அனுப்பும் தயிர் சாதத்தைக் காக்கைகளே தின்று கொழுத்தன. இந்த ஐந்து நிமிஷ டிரில் ஆரம்பித்து ஒரு மாதம் ஆனதும், டப்பாவைக் காலி செய்துவிட்டுப் பக்கத்துப் பையனின் டப்பாவையும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தான்.

ஒருநாள் குளக்கரையில் வக்கீல் என்னை மடக்கினார். கேஸ் போடப் போகிறாரோ என்று நினைத்தேன்.

"நீர்தானே டிரில் மாஸ்டர்?"

"ஆமாம் சார்."

"எங்காத்துல வெண்கலப் பானையை மாத்தியாச்சு. பெரிசா வாங்கியிருக்கு. இனிமே ஏதாவது புதுசா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடும், நெல்லுக்கு ஏற்பாடு பண்ணணும்."

அந்தோணி

சாந்தோம் குப்பத்திலிருந்து வருகிறவன் அந்தோணி. விடிவதற்கு முன்னால் அப்பாவோடு கரைவலை இழுத்துவிட்டு, தலையில் உப்புத் தண்ணீர் காயாமல் வருவான். கணக்கு சார் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், இவன் தூங்கிவிடுவான். பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினால் நின்றபடியே தூங்குவான். காலையிலேயே வேண்டிய தேகப்பயிற்சி ஆகிவிட்டவனுக்கு என் டிரில் எதற்கு என்று நினைத்து, "நீ உட்காருடா" என்றேன். உட்கார்ந்தவுடன் குறட்டை விட்டான். மறுநாளிலிருந்து அவனையும் சேர்த்துக்கொண்டேன். கை வீசி முடித்தபின் அவன் கண் திறந்திருந்தது. அடுத்த பீரியடில் சரித்திர வாத்தியாரிடம் கேள்விகூடக் கேட்டானாம்.

சில வாரம் கழித்து அவன் அப்பா வந்து பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரச் சொன்னால் தயங்கினார். நான் வெளியே போனேன். பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தப் போவதாகச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னதோ வேறு: "இத்தினி நாளா 'இன்னாடா படிச்சே'ன்னா பேஸ்தடிச்சி நிப்பான் வாத்யாரே. இப்ப சொல்றான். எனுக்கு ஒண்ணும் பிரியல. ஆனா சொல்லிக்கினே கீறான்."

பதினாறாம் வாய்ப்பாடு

என் பரம வைரி கணக்கு சார். அவருடைய பீரியடின் கடைசி ஐந்து நிமிஷத்தை நான் திருடுகிறேன் என்பது அவர் கட்சி. முடிவில் ஒரு ராஜிக்கு வந்தோம்: டிரிலோடு வாய்ப்பாட்டையும் சொல்லவேண்டியது. கை மேலே போனால் பதினாறு, பக்கவாட்டில் முப்பத்திரண்டு, முன்னால் நாற்பத்தெட்டு, கீழே அறுபத்துநாலு, மறுபடி மேலே எண்பது. மாதக்கணக்கில் உதைத்தும் ஏறாத வாய்ப்பாடு பத்தே நாளில் ஏறியது. கணக்கு சார் எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

அரை வருஷப் பரீட்சை வந்தபோதுதான் வினை தெரிந்தது. கை அசையாவிட்டால் பையன்களுக்கு வாய்ப்பாடு வரவில்லை! பெருக்கல் கணக்கைத் தொட்டவுடன் அத்தனை கையும் மேலே போய்விட்டது. மேற்பார்வைக்கு வந்திருந்தவர் நம் பண்டிதர். கை தூக்கினால் காகிதம் கேட்கிறான் என்று அர்த்தம். அவரும் ஓடி ஓடிக் கொடுத்தார். மணி அடித்ததும் வியர்வையைத் துடைத்தபடி எங்களிடம் வந்தார்: "ஆளுக்கு ஒரு கட்டுக் காகிதம் குடுத்துட்டேன். ஒருத்தனும் எழுதல. எல்லாரும் நீஞ்சறான்!"

இன்ஸ்பெக்டர்

இன்ஸ்பெக்டர் வரும் நாளும் வந்தது. கோட்டு, சரிகைத் தலைப்பாகை, கனத்த சரீரம். மாடிப்படி ஏறி வந்ததிலேயே அவருக்கு மூச்சு இரைத்தது. வகுப்பில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும் என்று கணக்கு சார் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். நான் கதவோரம் நின்றேன். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஹெட்மாஸ்டர் என் ஐந்து நிமிஷத்தைப் பற்றி விளக்கினார். "அதனால படிப்பு ஏறறதோ?" என்று கேட்டுவிட்டு, இன்ஸ்பெக்டர் நேராக அந்தோணியைப் பார்த்தார். "எழுந்திரு. ஒன்பது பதினாறு எத்தனை?"

அந்தோணி எழுந்தான். கை கட்டியிருந்தது, அதனால் வாய்ப்பாடு வரவில்லை. தோள் மட்டும் துடித்தது. இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கி ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார். என் கதை முடிந்தது என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது கணக்கு சார் கத்தினார், என் பரம வைரியேதான்: "கையை விடுடா, அந்தோணி!"

கட்டு அவிழ்ந்தது. மேலே, பக்கம், முன்னால், கீழே என்று கை பறந்தது. பக்கத்தில் இருந்த வக்கீல் பிள்ளை பழக்கத்தில் குனிந்து தப்பினான். ஒன்பதாவது வீச்சில் இரண்டு கையும் உச்சியில் நிற்க, "நூத்து நாப்பத்து நாலு!" என்றான். சரியான விடை.

 இன்ஸ்பெக்டர் முழு வகுப்பையும் செய்யச் சொன்னார். நான் "முடிச்சைப் பார்!" என்றதும், அவர் கை தன் இடுப்புக்குப் போனதை நான் பார்த்தேன். எண்பது வரும்போது அவரும் கை தூக்கிக்கொண்டிருந்தார். நூற்றறுபதில் தலைப்பாகை சரிந்தது. அதைப் பிடித்து நிமிர்த்திவிட்டு, முதுகை ஒருமுறை நெளித்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டார். "முதுகுப் பிடிப்பு விட்டாப்பல இருக்கு. நன்னாயிருக்குன்னு எழுதிடறேன். ஆனா கையைக் கட்டிண்டும் கணக்கு வரும்படியா பண்ணும் ஓய். பெரிய பரீட்சையில இப்படி வீசினா அசலூர்ப் பையனுக்குக் குனியத் தெரியாது!"

என் வேலை நிரந்தரமாயிற்று, பையன்களும் கையைக் கட்டிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லப் பழகிவிட்டார்கள். தண்ணித்துறை மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்கு விலை போடும்போது கை தானாக உச்சிக்குப் போகிற வியாதி மட்டும் கணக்கு சாருக்கும் எனக்கும் இன்றுவரை தீரவில்லை.