கட்டிக்கு ஒரு எக்ஸ்ரே

எங்கள் அடையாறு தெருவில் நின்ற தூங்குமூஞ்சி மரம் ஐப்பசி மழையில் சாய்ந்தது. யார் மீதும் விழவில்லை. ஒரு வீட்டு மதில் மட்டும் போயிற்று. தெருவே அந்த மதிலைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருக்க, நான் மரத்தின் கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிமரத்தில் பெரிய பறங்கிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது.

காரை விற்றபின் காலியான இடத்தில் சின்ன லேத் ஒன்றை வைத்து மரக்கிண்ணம் கடைவது என் பொழுதுபோக்கு. இப்படிக் கட்டி விழுந்த இடத்தில் மரத்தின் ரேகை நேராக ஓடாது. சுழன்று, முடிச்சிட்டு, கண் கண்ணாகத் திரண்டிருக்கும். கடைந்தால் அந்த அழகு வேறெந்தக் கட்டையிலும் வராது.

மரத்தைத் துண்டு போட வந்தவர்களிடம் போய்க் கேட்டேன். மெஷின் ரம்பம் பிடித்திருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாக்கா, நல்ல கட்டை அம்மாம் கீது. சீக்கு புடிச்சத கேக்குறியே?"

"எனக்கு அதுதான்ப்பா வேணும். ஒட்டி வெட்டாம கொஞ்சம் தள்ளி வெட்டிக் குடு."

"எவ்ளோ தள்ளி?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "சுத்தி ரெண்டு அங்குலம் விட்டு எடு. கட்டிய தொடவே கூடாது."

மாடி வீட்டு டாக்டர். புற்றுக்கட்டிகளை அறுத்தெடுப்பதிலேயே காலத்தைக் கழித்துவிட்டு, ஓய்வுக்குப் பின் மயிலாப்பூரிலிருந்து எங்கள் குடியிருப்புக்கு வந்தவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவேயில்லை. அன்று குடையோடு நின்ற அவர் முகத்தில் அப்படியொரு களை. "சரி நைனா" என்று ரம்பக்காரர் அவர் சொன்னபடியே அறுத்தார். பாதியில் தீப்பொறி பறந்தது. வீடு வாடகைக்கு, டியூஷன் என்று அந்த மரத்தில் பலகை அடித்த புண்ணியவான்களின் ஆணி.

"உள்ள எத்தினி கீதோ" என்று ரம்பக்காரர் ரம்பத்தின் மழுங்கிய பல்லைத் தடவிப் பார்த்தார்.

பச்சை மரம் அறுத்த பக்கமாக வேகமாய்க் காய்ந்தால் வெடித்துவிடும். மெழுகுவத்திகளை உருக்கி அந்தப் பக்கத்தைப் பூசி மூடினேன். அப்புறம் மாதக்கணக்கில் நிழலில் கிடக்க வேண்டும். பூச்சி வரும், வீட்டுக்குள் கூடாது என்று என் கணவர் சொல்லிவிட்டார். டாக்டர் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று தூக்கிக்கொண்டு போக, அவர் மனைவி வாசலிலேயே மறித்தார்.

"ஊர்ல இருக்கறவா கட்டியெல்லாம் எடுத்து வெளில போட்டேள். இப்ப வெளில கெடக்கற கட்டிய ஆத்துக்குள்ள கொண்டுண்டு வரேளே!"

ஆனாலும் பின்னறையில் இடம் கிடைத்தது.

எடை குறைவது எப்போது நிற்கிறதோ அப்போது மரம் காய்ந்துவிட்டது என்று கணக்கு. இதை டாக்டரிடம் சொன்னதுதான் தாமதம், வாரம் தவறாமல் கட்டியைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு எடை மெஷினில் ஏறத் தொடங்கினார். தான் மட்டும் ஏறி, கட்டியோடும் ஏறி, கழித்துப் பார்ப்பார்.

"எடை கொறைஞ்சதுக்கு நான் சந்தோஷப்படற ஒரே பேஷண்ட் இதான்" என்பார்.

ஒரு வாரம் எடை ஏறிவிட்டது என்று பதறிக்கொண்டு இறங்கி வந்தார். விசாரித்ததில், தனியாக ஏறியது அடை சாப்பிடுவதற்கு முன்பு, கட்டியோடு ஏறியது சாப்பிட்ட பின்பு.

கோடையில் எடை ஒரு நிலைக்கு வந்தது. ஆனால் உள்ளே ஆணி எங்கே இருக்கிறது? லேத்தில் சுற்றும்போது உளி ஆணியில் பட்டால் உளி போகும், கையும் போகும். காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஆழத்தில் இருப்பது அதற்கு எட்டவில்லை.

"இதுக்கா முழிச்சுண்டு நிக்கறே? ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டா போறது" என்றார் டாக்டர்.

தி. நகரில் அவருடைய பழைய மாணவர் ஒருவர் ஸ்கேன் சென்டர் நடத்துகிறார். கட்டியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோனோம். வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேஷண்ட் பேரு?"

"தூங்குமூஞ்சி" என்றார் டாக்டர்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான் இல்லைம்மா" என்றேன்.

டாக்டர் மாணவருக்குத் தகவல் சொல்ல உள்ளே ஆள் அனுப்பிவிட்டு வந்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மணிக்கட்டில் கட்டுப் போட்ட ஓர் அம்மா. அவர் கண் போர்வையிலேயே இருந்தது.

"கொயந்தைக்கு இன்னா சார்?"

"ஆணி முழுங்கியிருக்கு" என்றார் டாக்டர், உள்ளதை உள்ளபடி.

"ஐயையோ! எத்தினி ஆணி?"

"அது தெரியத்தான் வந்திருக்கோம்."

அந்த அம்மா எழுந்து நின்று சத்தம் போட்டார். "யம்மா, என்னை அப்பால கூப்டு. மொதல்ல இந்தக் கொயந்தைய பாரு!" வரிசையில் இருந்த எல்லோரும் வழிவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போர்வையை விலக்கிக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"கட்டையா? அட, போங்க சார்!" என்று கட்டுப் போட்ட கையாலேயே டாக்டரின் தோளில் ஒன்று வைத்தார். வலியில் அவரும், அடியில் டாக்டரும் சேர்ந்து "ஆ" என்றார்கள். அதற்கப்புறம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவரைத்தான் முதலில் அனுப்பினோம். படத்தைக் காட்டாமல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் முறை வந்தது. எக்ஸ்ரே எடுப்பவர் கட்டியை மேடையில் கிடத்தி, திருப்பி, சரிசெய்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பழக்கத்தில் சொன்னார்: "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க."

அவரோடு நின்ற டாக்டரும் நானும் இழுத்துப் பிடித்தோம்.

ஆணிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்திருந்தன. துணிக்கொடி கட்டிய வளைந்த கொக்கி ஒன்றும் அவற்றின் நடுவில் தெளிவாகத் தெரிந்தது. காத்திருந்தவர்கள் படத்தைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் படத்தைப் பார்த்துச் சாக்கட்டியால் கோடு போட்டார். நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் ரம்பத்தைப் பிடித்து அந்தக் கோட்டிலேயே இழுத்தோம். ஓர் ஆணிகூடத் தடுக்கவில்லை. பிளந்த முகத்தில் தண்ணீரைத் தெளித்தவுடன், வெல்லப்பாகு கொதிக்கும்போது சுழிக்குமே, அப்படிப் பழுப்பும் பொன்னுமாகச் சுழிகள் எழுந்து வந்தன. வாழ்நாளெல்லாம் கட்டிகளைத் திறந்து பார்த்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்படியும் இருக்குமா?" என்றார்.

கடைந்த கிண்ணத்தை அவருக்கே கொடுத்தேன். அவர் மனைவி அதில் எலுமிச்சம்பழம் போட்டு வைத்திருக்கிறார்.

இப்போது டாக்டருக்குக் காலை நடையில் மனிதர்கள் கண்ணில் படுவதில்லை, மரத்துக் கட்டிகள்தான். போன வாரம் மயிலாப்பூர் பக்கம் போனவர் அங்கிருந்து போன் செய்தார், ரகசியக் குரலில்.

"ஒரு வேப்பமரம். அபாரமான கட்டி."

"மரம் விழுந்திருக்கா சார்?"

"இல்லே. நன்னா நிக்கறது."

"அப்போ அதை விட்டுட்டு வீட்டுக்கு வாங்க."



"சரி" என்றார். "வலி இல்லாத கட்டி. தொட வேண்டாம்."