அக்கா சுரண்டிய நீலக் கண்ணாடி

எண்பதுகளின் நடுவில் ஒரு தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, பிஸ்கட் டின் ஒன்றைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு மலேசியாவின் ஈப்போ நகரில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். டின்னுக்குள், ஈரம் உறிஞ்சும் மணிகளுக்கு நடுவே, தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் அச்சு மையில் கலக்கும் நீலச் சாயம் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. நீலத்தின்மேல், மின்சாரத்தை வெளியே எடுக்க நான்கு அலுமினியப் பொட்டுகள்.

சிலிக்கான் இல்லாமல், இப்படிப்பட்ட கரிமக் குறைக்கடத்தியில் சூரிய மின்கலம் செய்ய முடியுமா என்பதுதான் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு. இரண்டு வருடத்தில் ஒழுங்காக வேலை செய்தது இது ஒன்றுதான். காற்றின் ஈரம் நாள்கணக்கில் பட்டால் செத்துவிடும். விடுமுறையில் ஆய்வுக்கூடத்து ஏர்கோனை நிறுத்திவிடுவார்கள் என்று கையோடு எடுத்து வந்தேன். விடுமுறை முடிந்ததும் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வருகிறார்; அவருக்குத் திருப்தியானால்தான் எனக்கு இன்னொரு வருடம். வேறொன்று செய்யலாமென்றால், அதற்கு வேண்டிய காற்றை உறிஞ்சும் பம்பு பழுதாகிக் கிடந்தது.

வீட்டில் அக்கா மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள். பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினான்கு வயதிலிருந்து ரப்பர் ஷீட்டு தரம் பிரித்தாள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் ஷீட்டை விரித்து, குமிழி, பூசணம், கரும்புள்ளி எது தெரிந்தாலும் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். அவள் கை பட்ட ஷீட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று கங்காணியே சொல்வாராம். தோட்டத்தை வீடு கட்டுபவர்களுக்கு விற்ற பிறகு, ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள்.

வாசலில் கண்ணாடியை வெயிலுக்குக் காட்டி, கையோடு கொண்டுவந்த மீட்டரில் முள் நகர்வதை அவளுக்குக் காண்பித்தேன்.

"எத்தன லைட்டு எரியும் தம்பி?"

"ஒண்ணுகூட எரியாதுக்கா. மின்மினிப்பூச்சிக்குக்கூடப் பத்தாது."

"ஐயோ, இதுக்கா லா ரெண்டு வருசம்?" என்று சிரித்தாள். "இதப் பாக்கவா வெள்ளக்கார சாரு பிளேன் ஏறி வாராரு?"

பிறகு கண்ணாடியை வாங்கி வானத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். வெளிச்சத்துக்கு எதிரே அந்தப் பொட்டுகள் கருப்பாகத் தெரிந்தன.

"கலரு நல்லாத்தான் இருக்கு. நடுவுல என்னா இது, புள்ளி புள்ளியா?"

"சொன்னா உனக்குப் புரியாதுக்கா" என்று சொல்லிக் கண்ணாடியை டின்னில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கண்ணாடி, மறு கையில் என் பையிலிருந்து எடுத்த சவர பிளேடு.

"நாலையும் எடுத்துட்டேன் தம்பி. இப்ப பாரு. அந்த சாரு ஒரு கொற சொல்ல முடியாது."

அலுமினியத்தோடு நீலமும் உரிந்திருந்தது.

"தோட்டக்காட்டுப் புத்தி!" என்று கத்தினேன். "எங்கே வந்தாலும் அது மாறாது!"

இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த புதிதில் டவுன் பையன்கள் என்னைச் சொன்ன சொல் அது. அன்று அழுதுகொண்டு வந்த என் முகத்தைத் துடைத்தவளிடமே அதைச் சொன்னேன்.

அக்கா பிளேடைத் தாளில் சுற்றி வைத்தாள். "அழுக்குன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "ஒட்ட வைக்க முடியாதா?" என்றாள். நான் டின்னை மூடிப் பையில் வைத்தேன். தீபாவளியன்று பலகாரத் தட்டை என் முன் வைத்துவிட்டு அடுப்படியிலேயே இருந்துவிட்டாள்.

பேராசிரியர் வந்தார். மின்கலத்தை அவர் கேட்கவே இல்லை. நோட்டிலிருந்த அளவுகளையும் வரைபடங்களையும் புரட்டினார்; ஈரத்தைச் சமாளிக்க வழி பார் என்றார். இன்னொரு வருடம் கிடைத்தது. பம்பு சரியானதும் அதைவிட நல்ல மின்கலங்களைச் செய்தேன்.

எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். "அதெல்லாம் அப்பவே மறந்தாச்சு லா" என்றாள்.

ஆனால் அதன் பிறகு இத்தனை வருடங்களில் என் பையை அவள் திறந்ததில்லை. போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். என் அழுக்குச் சட்டைகள் நாற்காலியில் கிடந்தன. துவைக்க எடுத்துப்போக வந்தவள், கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இதத் தொடலாமா தம்பி?"