எல்லைக்கல்லும் மண் குதிரையும்

குடியை நிறுத்தக் கயிறு கட்டும் பூசாரிக்கு மந்திரம் மறந்தாலும் பிழைப்பு ஓடும், பொறுமை போனால் ஓடாது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் பாகூர்ப் பக்கம் ஐயனார் கோயிலில் அந்த வேலையைத்தான் நான் செய்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு குடிகாரர் இருந்தால் என் பாடு சொல்லாமலே விளங்கும்.

வீரனுக்கு வைத்த புட்டி

அபிஷேகப்பாக்கத்தில் கரும்பு வண்டி ஓட்டும் வடிவேலுவை அவன் பெண்டாட்டி அஞ்சலை இழுத்துக்கொண்டு வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. "ஆடிப் படையல் வரைக்கும் இவுரு குடிக்காம இருந்தா வூட்டுக்கு வரேன். இல்லன்னா மணப்பட்டுல எங்க அம்மா வூட்டோட இருந்துடறேன்" என்றாள். சொன்னபடி செய்கிறவள் என்று முகத்திலேயே தெரிந்தது.

எங்கள் முறை இதுதான்: குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றி, குடியால் என்னென்ன போச்சு என்று சாமி முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கயிறு. வடிவேலு அடகு வைத்துக் குடித்த பித்தளைக் குடத்தில் தொடங்கி, குழந்தை தன்னைக் கண்டாலே அழுவது வரைக்கும் சொல்லித் தேம்பினான். கயிறு கட்டியதும் கண்ணைத் துடைத்தவன், ஐயனார் பக்கத்தில் காவல் நிற்கும் வீரன் சாமிக்குப் படைத்திருந்த சாராயப் புட்டியைப் பார்த்துவிட்டான்.

"இவருக்கு யாரு பூசாரி கயிறு கட்றது?"

கல்லுக்கு அந்தப் பக்கம்

கொஞ்ச நாளில் ஆள் தள்ளாடிக்கொண்டு வந்தான். கையில் கயிறு அப்படியே இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. விசாரித்தால், எல்லைக்கல்லைத் தாண்டி இங்கிலீஷ்காரன் சீமையில் போய்க் கள் குடித்தானாம். சாராயம் இங்கே மலிவு என்று அங்கேயிருந்து ஊரே இங்கே குடிக்க வரும். இந்த மகராசன் குடிப்பதற்காக அங்கே போயிருக்கிறான்!

"சத்தியத்தை மீறிட்டியேடா பாவி" என்றேன். அவன் நிதானமாகச் சொன்னான்:

"ஐயனாரு எல்லைக்காவல் சாமி. பிரெஞ்சுக்காரன் போலீசே அந்தாண்ட போவ முடியாது, அவரு எப்டி பூசாரி போவாரு?"

குதிரை ஏறிய வண்டி

இவனைத் திட்டிப் பயனில்லை. நேர்த்திக்கடனாக வந்திருந்த மண் குதிரைகளில் சின்னதாக ஒன்றை எடுத்து, அவன் வண்டியின் முன்னால் கட்டிவிட்டேன். "சாமிக்குக் குதிரை எதுக்குடா? எல்லை தாண்டிப் போறதுக்குத்தான். இனிமே நீ போற எடமெல்லாம் கூட வருவாரு" என்றேன். ஆள் வெலவெலத்துப் போனான்.

அப்புறம் சாராயக்கடை வாசலில் வண்டியை நிறுத்துவான், குதிரையைப் பார்ப்பான், பெருமூச்சு விட்டு ஓட்டிப் போய்விடுவான். கடைக்காரரே என்னைத் தேடி வந்துவிட்டார்.

"அந்தக் குதிரையை எறக்குய்யா. அது வந்து நின்னா மத்தவனும் கன்னத்துல போட்டுக்கினு திரும்பிப் போறான்."

ஆடிப் படையல்

அஞ்சலை வந்தாள். எல்லார் எதிரிலும் அவன் வாயை மோந்து பார்த்தாள். வாடையே இல்லை. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், "ஒருதரம் கல்லைத் தாண்டிப் போய்க் குடிச்சிட்டேன்" என்று அவனே உளறிவிட்டான். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அவள் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அது அழாமல் அவன் மீசையைப் பிடித்துப் பார்த்தது. அஞ்சலை வண்டியில் ஏறிக் குதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வண்டியில போனா சாமி பாத்துக்கட்டும். எறங்கி நடந்தா நான் பாத்துக்கறேன்."

அன்றுமுதல் கயிறு கட்ட யார் வந்தாலும், எல்லைக்கு அந்தாண்ட போய்வர உனக்கு வேலை ஏதும் உண்டா என்று கேட்டுக்கொண்டுதான் முடிச்சையே போட்டேன்.