மகள் வீட்டில் எனக்கு வலியே இல்லை

போன வாரம் இங்கே மலேசியாவில், கோல சிலாங்கூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வலது விலாவுக்குக் கீழே வலி. ஒரே ஒரு வெள்ளி கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கிவிட்டு, பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்.

டாக்டர் நம் தமிழ்ப் பிள்ளை. வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"எத்தனை நாளா வலிக்குது ஆன்ட்டி?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா! ஏன் டாக்டரைப் பார்க்கல?"

"அமெரிக்காவுல இருந்தேன். வந்து நாலு நாள்தான் ஆச்சு."

சிரித்துவிட்டார். "உலகத்துலயே பெரிய ஆஸ்பத்திரிங்க அங்கதானே இருக்கு!"

இருக்கிறது. மகள் வீட்டு ஜன்னலிலிருந்தே ஒன்று தெரியும் – பதினோரு மாடி.

மகள் மலருக்குத் தலைப்பிரசவம். மருமகன் அங்கே படிக்கிறார். கணவர் போன பிறகு நான் தனி ஆள்தானே... பிரசவ மருந்துகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பேத்தி பிறந்த மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் தபால் வர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு பில். டாக்டருக்குத் தனி பில். முதுகில் ஊசி போட்டவருக்குத் தனி. குழந்தைக்கே ஒன்று – 'பெண் குழந்தை' என்று போட்டு! நாங்கள் இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

எஸ்டேட்டில் மலர் பிறந்தபோது, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போனார். பில்லாவது ஒன்றாவது!

"இன்சூரன்ஸ் இருக்கே மலர்?"

"பாதிக்குத்தான் செல்லுமாம்மா. எந்தப் பாதின்னுதான் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸைக் கேள் என்றது. இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரியைக் கேள் என்றது. குழந்தையை மடியில் போட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருப்பாள். ஒருநாள் போனை வைத்துவிட்டு அழுதாள்.

அந்த வாரம்தான் எனக்கு வலி வந்தது. சொல்வேனா? எனக்கோ அந்தப் பாதி இன்சூரன்ஸ்கூடக் கிடையாது.

சாப்பிட்டால் வலிக்கிறது என்று தெரிந்ததும் கஞ்சிக்கு மாறினேன்.

"ஏம்மா சரியா சாப்பிடல?"

"இந்தக் குளிருக்குப் பசிக்கவே மாட்டேங்குது."

வலி வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். தலையணையை வயிற்றோடு அணைத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். வெளியே பனி. தெருவில் ஒரு ஆள் இருக்காது. அடுத்த அறையில் மகள்... கூப்பிட்டால் ஓடி வருவாள். அதனால்தான் கூப்பிடவில்லை.

கோல சிலாங்கூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள்; பித்தப்பையில் கல்லாம். ஆப்பரேஷனுக்குக் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

"கூட யாரு வர்றாங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

"நான்தான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மலர் போன் செய்தாள். இனியும் மறைக்க முடியுமா? சொல்லிவிட்டேன்.



"எங்கிட்ட ஏன்மா சொல்லல?"

"உனக்கு இன்னொரு பில் வேணாமேன்னுதான்."

அழுதாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நீங்க இங்க இருந்தப்ப எனக்குப் பத்து நாள் காய்ச்சல்மா. தையல் போட்ட இடம் பழுத்திருச்சு. திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக பயம்... மிச்சமிருந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டு, உங்களுக்குத் தெரியாமப் படுத்திருந்தேன்."

தூக்கம் வருகிறது என்றுதானே சொன்னாள்? பிள்ளை பெற்றவள் தூங்கட்டும் என்று, அந்தக் கதவை நான் ஒருநாளும் தட்டவில்லை.

ஒரே வீடு. நடுவில் ஒரு சுவர். இரண்டு பக்கமும் வலி.

"இப்ப எப்படி இருக்கு மலர்?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லாயிட்டேன்."

நான் நம்பவில்லை.